எத்தனை பேரில்?

(திருவண்ணாமலை ரமணாசிரமம் பகுதியில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பௌர்ணமிதோறும் இந்த மலையை 14 கிலோமீட்டர் சுற்றி வருகிற ஜனங்களில் எத்தனையோ பேர் நோய் தீர வேண்டுமென்றே வருகிறார்கள். மலைக் காற்று பட்டால் நெஞ்சு நோய் போகும் என்கிறார் ஒருவர். "என் மைத்துனனுக்குப் போயிற்றே!" என்று சாட்சி சொல்கிறார் இன்னொருவர். அவர் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. மைத்துனனுக்குக் குணமானது மெய்யாகவே இருக்கட்டும். நான் கேட்பது இரண்டே கேள்விகள்தான். சுற்றியவர்களில் எத்தனை பேருக்குக் குணமாயிற்று? சுற்றாதவர்களில் எத்தனை பேருக்குக் குணமாயிற்று?

குணமானவன் திரும்பி வந்து வெள்ளியில் செய்த கையையும் காலையும் உண்டியலில் போடுகிறான். நாலு பேரிடம் சொல்லுகிறான். செத்தவன் வந்து சாட்சி சொல்லுவானா? வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத கடைக்காரனுடைய கணக்கை நீங்கள் ஒப்புவீர்களா? மேலும், சளியும் காய்ச்சலும் பல பேருக்குத் தானாகவே தீருகின்றன. அப்படித் தீர்ந்ததற்குப் புகழ் மட்டும் மலைக்குப் போய்ச் சேருகிறது!

தோழர்களே! இதைச் சாமிக்கு மட்டும் சொல்லவில்லை; டாக்டருக்கும் சேர்த்தே சொல்லுகிறேன். க்ஷயரோகத்துக்குச் சானடோரியமே கதி, நல்ல காற்றும் பாலும் முட்டையும் ஓய்வும் இல்லாமல் முடியாது என்று ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களே நம்பினார்கள். அப்படியானால் குடிசையில் இருக்கிற ஏழையின் கதி என்ன?

இதைச் சோதித்துப் பார்க்க 1956-ல் சென்னையில் ஒரு நிலையம் வைத்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. ஏறக்குறைய 190 ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதியை வீட்டிலேயே விட்டார்கள். இரு சாராருக்கும் ஓராண்டு காலம் ஒரே மருந்து. யார் எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்குவது போல முடிவு செய்தார்கள். ஏன்? இஷ்டத்துக்கு விட்டால் நோய் முற்றாதவர்களும் வசதியுள்ளவர்களும் ஒரே பக்கம் சேர்ந்துவிடக்கூடும். பிறகு குணப்படுத்தியது காற்றா, வசதியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1959-ல் முடிவை வெளியிட்டார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, நெருக்கடி அதிகம், ஓய்வும் குறைவு. அப்படியிருந்தும் இரு பக்கத்திலும் குணமானவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. குணப்படுத்தியது மருந்து, காற்று அல்ல! அதன் பிறகே ஏழை தன் வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிடும் முறை உலகெங்கும் பரவிற்று. டாக்டர்கள் தங்கள் நம்பிக்கையைத் தாங்களே எண்ணிப் பார்த்துக் கைவிட்டார்கள். எந்தக் கோயிலாவது இப்படி ஒரு கணக்கு எடுத்ததுண்டா?

இனி, பரிசோதனைச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 'நோய் இருக்கிறது' என்று சீட்டு வந்தால் உடனே தலையில் கை வைக்காதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஊரில் 10,000 பேர். அதில் 100 பேருக்கு நோய். ஒரு பரிசோதனை அந்த நூறில் 90 பேரைக் கண்டுபிடிக்கிறது. நோயில்லாத நூறு பேரில் 5 பேரைத் தப்பாகப் பிடிக்கிறது. அப்படியானால் நோயில்லாத 9,900 பேரில் 495 பேர் தப்பாகச் சிக்குவார்கள். பிடிபட்டவர் மொத்தம் 585. மெய்யான நோயாளி 90 பேரே! அதே பரிசோதனையை, வாரக்கணக்கில் இருமுகிற 1,000 பேருக்குச் செய்யுங்கள். அவர்களில் 200 பேருக்கு நோய் என்று வையுங்கள். பிடிபடுவோர் 220, அதில் 180 பேர் மெய்யான நோயாளிகள். பரிசோதனை ஒன்றுதான், யாருக்குச் செய்தோம் என்பதில்தான் வித்தியாசம். ஆகவே முதல் சீட்டு தீர்ப்பல்ல. அடுத்த பரிசோதனைக்குப் போ என்று சொல்லும் தாக்கீது. அதைக் கிழித்தெறியவும் கூடாது, அதைக் கண்டு கதி கலங்கவும் கூடாது. நோயாளிகளிலும் 10 பேரை அது தவற விட்டிருப்பதால், 'நோய் இல்லை' என்று சீட்டு வந்தும் இருமல் நிற்காவிட்டால் மறுபடியும் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். க்ஷயத்துக்கு அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம். மலையைச் சுற்றுகிறவர்கள் சுற்றிக்கொள்ளட்டும். ஆனால் பாதியில் மாத்திரையை நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும்; உங்கள் பிள்ளைக்கும் அதுவே தொற்றும். இனி யார் வந்து எந்த அற்புதத்தைச் சொன்னாலும், அவர் சாமியாரானாலும் சரி, மருந்து விற்கிறவரானாலும் சரி, வாய் கூசாமல் கேளுங்கள்: "எத்தனை பேரில், ஐயா? அதைச் செய்யாதவர்கள் என்ன ஆனார்கள்?"