வெறும் பொறியும் ஆண் அந்தின் உணர்கொம்பும்



பருத்தி வயலில் வைத்த இனக்கவர்ச்சிப் பொறியில் ஒரு வாரமாக ஒன்றுமே விழவில்லையெனில், காய்ப்புழு இல்லை என்றே உழவர் கருதுவார். அவ்வாறு கருதலாகாது. காரணம் அந்துப்பூச்சியின் உணர்கொம்பில் இருக்கிறது.

ஜெர்மானிய வேதியியலறிஞர் புட்டேநாண்ட், ஏறத்தாழ 5 லட்சம் பெண் பட்டு அந்துகளிலிருந்து அவற்றின் மணப்பொருளைப் பிரித்தெடுத்து 1959-இல் இனங்கண்டார். கிடைத்தது சில மில்லிகிராமே! ஆண் அந்து அதனை எவ்வாறு அறிகிறது? அதற்குரிய ஏற்பியின் மரபணு 2004-இல் கண்டறியப்பட்டது. அம்மரபணு பெண்ணுக்கும் உண்டு. ஆயினும் ஆணின் உணர்கொம்பில்தான் அது செயற்பட்டு ஏற்பிப் புரதத்தைத் தோற்றுவிக்கிறது. உணர்கொம்பு மயிர்களின் நுண்துளைகள் வழியே நுழையும் மணம் அப்புரதத்தைத் தொட்டதும் நரம்பில் மின்துடிப்பு எழுகிறது. தன் மணத்தைப் பெண் அந்து உணர்வதில்லை.

பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்கும் தனி மணம் உண்டு. ஏறக்குறையச் சம அளவில் கலந்த இரு பொருள்கள் அதில் உள்ளன என்பது 1973-இல் தெரிந்தது. பச்சைக் காய்ப்புழுவின் ஆணுக்கு அது அழைப்பன்று. அதன் ஏற்பிகள் வேறு. ஆகவே உறை மாறினால் பொறி வெறும் பொறியே. மணமூட்டிய ரப்பர் துண்டு பழையதானாலும் அதே நிலைதான். மேலும், பொறியில் விழுபவை ஆண்களே. முட்டையிடும் பெண்ணோ வெளியே திரிகிறது.

எனவே விரிவாக்கப் பணியாளர்கள் உறையின் மேலுள்ள பூச்சியின் பெயரையும் தேதியையும் உழவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். பொறி வெறுமையாக இருப்பினும், வயலில் ஆங்காங்கே 20 பச்சைக் காய்களைப் பறித்துப் பிளந்து பார்க்கச் சொல்லுங்கள்.