முதல்நூலும் வழிநூலும்: ‘புளூட்டோ’ படக்கதையை முன்வைத்து



கெலாங் பாத்தாவில் நிகழும் ஒரு தமிழ்ப் பொழிவுக்கு ஜப்பானியப் படக்கதையைப் பொருளாகக் கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். நம் பிள்ளைகளில் பலர் ‘மங்கா’ எனப்படும் ஜப்பானியப் படக்கதைகளை ஆங்கிலத்திலும் மலாய் மொழியிலும் விரும்பிப் படிக்கின்றனர். தமிழ் வகுப்பில் அதுபற்றிப் பேச்செழுந்தால், பாடத்துக்குப் புறம்பானது என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். அவ்வாறு ஒதுக்கப்படும் நூல்களுள் ஒன்று, நம் இலக்கண நூலார் வகுத்த ஒரு கருத்துக்குத் தக்க சான்றாக நிற்கிறது என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என இருவகையாகப் பகுக்கிறது. முதல்நூலைச் சுருக்கித் தொகுத்தல், விரித்துரைத்தல், ஓரிடம் சுருக்கி ஓரிடம் விரித்தல், மொழிபெயர்த்தல் என்னும் நான்கும் வழிநூலின் நெறிகள். பின்வந்த நன்னூலில் பவணந்தி முனிவர் மேலும் ஒன்றைத் தெளிவாக்குகிறார். வழிநூல் முதல்நூலின் முடிவோடு ஒத்திருக்க வேண்டும். ஆயினும் பின்னோன் தனக்கு வேண்டிய வேறுபாட்டை அதில் அமைத்துக்கொள்ளலாம். மரபு அழியாமல் இருப்பதே எல்லை. பின்னோனுக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு என்பது இதன் கருத்து. இவ்விதிகள் முதன்மையாக இலக்கண நூல்களுக்கும் அறிவு நூல்களுக்கும் உரியவை என்பதை நாம் அறிவோம். எனினும் கதை மறுபடைப்பை அளக்கவும் இவற்றினும் நல்ல அளவுகோல் நமக்குக் கிடைத்ததில்லை.

இனிப் படக்கதைக்கு வருவோம். ஒசாமு தெசுகா (1928–1989) ஜப்பானியப் படக்கதை உலகின் முன்னோடி. அவர் 1952 முதல் 1968 வரை ஒரு சிறுவர் இதழில் தொடராக வரைந்த கதையின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘இரும்புக்கை அணு’ என்றாகும். உலகம் அதனை ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று அறியும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் வெளியீடாக வந்த ‘இரும்புக்கை மாயாவி’ உங்களுள் மூத்தவர்கள் நினைவுக்கு வரக்கூடும். அது இங்கிலாந்துக் கதை, இரண்டுக்கும் உறவில்லை. ஆயினும் இரும்புக்கை என்னும் ஒரே கற்பனை இரு திசைகளிலும் சிறுவர் மனத்தைக் கவர்ந்திருப்பது நோக்கத்தக்கது.

தெசுகாவின் தொடரில் 1964–65ஆம் ஆண்டுகளில் ‘உலகின் மிகப் பெரிய ரோபோ’ என்னும் பகுதி வெளிவந்தது. ஒரு சுல்தான் தன் வலிமையை நிலைநாட்ட, கொம்புடைய புளூட்டோ என்னும் ரோபோவைச் செய்விக்கிறான். சுவிட்சர்லாந்து, ஸ்காட்லாந்து, துருக்கி, ஜெர்மனி, கிரீஸ், ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகளைச் சேர்ந்த ஏழு வல்லமை மிக்க ரோபோக்களை ஒன்றன்பின் ஒன்றாக அழிப்பதே புளூட்டோவுக்கு இடப்பட்ட கட்டளை. ஏழாமவன் கதைத்தலைவனான சிறுவன் அட்டோம். வலிமைப் போட்டியின் வீண்மையைச் சிறுவர்க்கு உணர்த்தும் கதை இது. ஒரே தொகுதிக்குள் அடங்கிவிடும் அளவினது.

இக்கதையைச் சிறுவயதில் படித்தவர் 1960இல் பிறந்த நவோக்கி உராசாவா. அவர் தக்காஷி நாகசாக்கியுடன் இணைந்து, 2003 முதல் 2009 வரை ‘புளூட்டோ’ என்னும் பெயரில் இதனை மீண்டும் படைத்தார். தொடக்க ஆண்டுக்கு ஒரு பொருத்தம் உண்டு: தெசுகாவின் கதைப்படி அட்டோம் பிறந்த நாள் 2003 ஏப்ரல் 7. தெசுகாவின் மகன் மக்கோத்தோ தெசுகா இதற்கு இசைவளித்தபோது, தந்தையின் ஓவியத்தை நகலெடுக்காமல் உராசாவா தமக்குரிய நடையிலேயே வரைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பவணந்தியாரை அறியாத ஒருவர் நன்னூலின் நெறியையே நிபந்தனையாக வைத்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. ஒரு தொகுதிக் கதை எட்டுத் தொகுதியாக விரிந்தது. அது 2005இல் தெசுகாவின் பெயரால் வழங்கப்படும் பண்பாட்டுப் பரிசைப் பெற்றது. 2023இல் அசைபடத் தொடராகவும் வெளிவந்தது.

உராசாவா செய்த முதல் மாற்றம் கதை சொல்லும் இடத்தை மாற்றியது. முதல்நூலில் சில பக்கங்களே தோன்றி அழிந்துபோகும் ஜெர்மானியத் துப்பறியும் ரோபோ கெசிக்ட், வழிநூலில் நடுநாயகமாகிறான். அட்டோம் முதற்கதையின் தலைவன். இங்கே அவன் வருகைக்கு நாம் காத்திருக்க வேண்டியுள்ளது. மொழியியலார்க்கு இதில் ஒரு சுவை உண்டு. கெசிக்ட் என்னும் ஜெர்மன் சொல்லுக்கு ‘முகம்’ என்பது பொருள். தெசுகா சூட்டிய பெயரின் பொருளை உராசாவாவின் நூல் முழுவதும் விரித்துச் செல்கிறது. மனிதரினின்று வேறுபடுத்த இயலாத முகமுடைய கெசிக்ட், தொடக்க இயலிலேயே, பணியில் அழிந்த ஒரு காவல் ரோபோவின் இல்லத்துக்குச் செய்தி சொல்லச் செல்கிறான். அம்மனைவியும் ரோபோ, பழைய வார்ப்பு. அவள் முகத்தில் அசையும் உறுப்பு ஏதுமில்லை, கண்ணீருக்கும் வழியில்லை. ஆயினும் அவளது துயரம் நம்மை வந்து அடைகிறது. கணவனைப் பற்றிய நினைவை அழித்துவிடலாம் என்று அவன் சொல்ல, அவள் அதற்கு உடன்படுவதில்லை. பின்னர்தான் நமக்குத் தெரியவருகிறது: கெசிக்ட்டின் சொந்த நினைவிலேயே ஒரு பகுதி அழிக்கப்பட்டிருக்கிறது. அவன் வளர்த்த பிள்ளை சிதைக்கப்பட்டதும், வெறுப்பினால் அவன் ஒரு மனிதனைக் கொன்றதும் அந்தப் பகுதியில் இருந்தன.

இரண்டாம் மாற்றம் காலத்தை உள்ளே கொணர்ந்தது. 2003இல் ஈராக் மீது போர் தொடுக்கப்பட்டது. உராசாவாவின் கதையில், பேரழிவு ஆயுதம் இருப்பதாகச் சொல்லி ஒரு பாரசீக நாட்டுக்கு விசாரணைக் குழு அனுப்பப்படுகிறது, ஆயுதம் அகப்படவில்லை, ஆயினும் போர் நடந்துவிடுகிறது. ஏழு ரோபோக்களும் அப்போரோடு தொடர்புடையவர்கள். ஸ்காட்லாந்து ரோபோ முதல்நூலில் போரிட்டு விரைவில் மறைபவன். இங்கே அவன் பார்வையற்ற இசையமைப்பாளர் ஒருவரின் பணியாளனாகி, இனிப் போர்க்களம் செல்ல விரும்பாமல் பியானோ கற்க முனைகிறான். எவன் வலியவன் என்று முதல்நூல் கேட்டது. வெறுப்பு எங்கே பிறக்கிறது, எப்படி முடிகிறது என்று வழிநூல் கேட்கிறது. எனினும் வெற்றியால் விளைவது ஒன்றுமில்லை என்னும் முதல்நூலின் முடிவிலிருந்து அது விலகவே இல்லை.

இத்தகைய படைப்பு நமக்குப் புதிதன்று. வான்மீகியிடம் இல்லாத இரணியன் வதைப் படலத்தைக் கம்பர் சேர்த்தார். புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ சிறுகதையில் இராமகாதையை அகலிகையின் பக்கம் நின்று பார்த்தார். சீதை தீக்குளித்த செய்தி கேட்டு அவள் மீண்டும் கல்லாகிறாள். தெசுகா புளூட்டோவின் கதையைத் தொடங்கிய அதே 1964இல், சிலப்பதிகாரம் ‘பூம்புகார்’ என்னும் திரைப்படமாகத் தமிழரங்குகளுக்கு வந்தது.

ஆனால் இன்றைய வகுப்பறையில் நிலைமை வேறு. மாணவர் காப்பியத்தைப் பொழிப்புரையாக மனனம் செய்கின்றனர். தேர்வு முடிந்ததும் மறக்கின்றனர். காப்பியத்தை மாற்றி எழுதச் சொன்னால் அதன் மதிப்புக் குன்றும் என்று அஞ்சும் ஆசிரியர்கள் உண்டு. அவ்வச்சத்தை நாம் இகழ மாட்டோம். பெயரை மட்டும் கடன்வாங்கிப் பொருளைக் கைவிடும் போலிகள் பெருகியிருப்பதால் எழுந்த அச்சம் அது. அதற்கு மருந்து மறுபடைப்பைத் தடுப்பதன்று. வழிநூலின் ஒழுங்கைக் கற்பிப்பதே மருந்து.

ஓர் எடுத்துக்காட்டு. கெலாங் பாத்தா என்னும் மலாய்ப் பெயருக்கு ‘உடைந்த வளையல்’ என்று பொருள். உடைந்த அணி என்றதும் தமிழர் நெஞ்சில் எழுவது கண்ணகியின் சிலம்பு. இவ்வூர் மாணவர்க்கு ஒரு பயிற்சி தரலாம்: பாண்டியன் அரண்மனை வாயிற்காவலன் அன்று கண்டதை அவன் வாய்மொழியாக எழுதுக. காப்பியத்தில் அவனுக்குக் கிடைத்திருப்பது சிறிது இடமே. அவ்வகையில் அவன் நம் கெசிக்ட். அவனுக்கு ஒரு வீடு, ஓர் அச்சம், சொல்லாமல் விட்ட ஒரு சொல் என எதையும் மாணவர் படைத்துக்கொள்ளலாம். அது பின்னோனின் உரிமை. ஆனால் கண்ணகியின் சிலம்பில் மாணிக்கமும் அரசியின் சிலம்பில் முத்தும்தான் இருந்தாக வேண்டும்; மன்னன் தன் பிழை உணர்ந்து உயிர்விட்டாக வேண்டும். அது கடமை. இரண்டையும் காக்க விரும்பும் மாணவர் வழக்குரை காதையைத் தாமே திறந்து படித்தாக வேண்டும். பொழிப்புரை அவருக்குப் போதாது.

வழிநூல் வந்தால் முதல்நூல் மறைந்துவிடாதா என்று கேட்கலாம். ‘புளூட்டோ’வே விடை கூறுகிறது. தெசுகாவின் கதையை அறியாதவரும் அதனைப் படிக்கலாம். ஆனால் கெசிக்ட் முன்பு எத்தனைச் சிறிய பாத்திரமாக இருந்தான் என்று அறிந்தவர்க்கே உராசாவா செய்ததன் அருமை முழுதும் விளங்கும். அந்த அருமையை அறிய விழைபவர் முதல்நூலைத் தேடிச் செல்வார். நல்ல வழிநூல் முதல்நூலுக்குப் போகும் வாயிலாகவும் அமைகிறது.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் மாணவர் பையில் படக்கதை ஒன்றைக் கண்டால், அது எந்த நூலின் வழிநூல், எதைக் காத்தது, எதை மாற்றியது என்று கேளுங்கள். அவ்வினாக்களுக்கு விடை சொல்லத் தெரிந்த மாணவர், நாளை நம் காப்பியங்களையும் அவ்வாறே அணுகுவார். மாணவச் செல்வங்களே, நம் முன்னோர் உங்களுக்கு உரிமையை முன்பே வழங்கிவிட்டனர். முதல்நூலைக் கற்று அவ்வுரிமையை எடுத்துக்கொள்ளுங்கள்.