டிராக்டர் உடையோரும் காப்புறுதிப் பாதுகாப்பும்

(பிரிக்பீல்ட்ஸில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கான விளக்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



நாம் கூடியிருக்கும் இப்பகுதிக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் செங்கல் சூளைகளால் வந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோலாலம்பூர் நகரம் மரத்தையும் அத்தாப்பையும் விட்டுச் செங்கல்லுக்கு மாறியபோது, இங்குச் சுடப்பெற்ற கற்கள் மாட்டு வண்டிகளில் ஏறி நகருக்குள் சென்றன. அன்று வண்டிக்காரர் ஒருவரின் உடைமை ஒரு வண்டியும் இரண்டு மாடுகளும்தாம். வண்டி குடை சாய்ந்தாலும் சேதம் பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கும். இன்று மாடுகளின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது. அதன் வலிமை பெரிது. அதனால் நேரக்கூடிய தீங்கும் பெரிது. அதை உடையவரின் பொறுப்பு எல்லாவற்றிலும் பெரிது. அப்பொறுப்பைப் பற்றியே இன்று சில செய்திகளைக் கூற விரும்புகின்றேன்.

தோட்டத்து டிராக்டருக்குக் காப்புறுதி எடுப்பது நிர்வாகத்தின் கடமை. அதைப் பற்றித் தொழிலாளி கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் கிள்ளான், காப்பார், மேரு, பந்திங் வட்டாரங்களில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற நிலங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தைப் பெற்ற ஒருவர், அதில் ஒரு பகுதியைக் கொண்டு பழைய டிராக்டர் ஒன்றை வாங்குகின்றார். தம் சிறு நிலத்தில் உரம் ஏற்றவும், புல் வெட்டவும், அறுத்த குலைகளைச் சாலை வரை கொண்டு வரவும் அதைப் பயன்படுத்துகின்றார். அக்கம்பக்கத்து நிலத்தாருக்கும் கூலிக்கு ஓட்டுகின்றார். முப்பது ஆண்டு உழைப்பின் பயன் அந்த ஓர் இயந்திரத்தில் அடங்கிவிடுகின்றது. அதனால்தான் இச்செய்தி நிர்வாகிகளுக்கு மட்டும் உரியதன்று. உங்களுக்கும் உரியது என்கின்றேன்.

முதலில் சட்டம் கூறுவதைப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 90ஆம் பிரிவில், காப்புறுதி இல்லாமல் மோட்டார் வாகனத்தைப் பயன்படுத்துவதும், பிறரைப் பயன்படுத்தவிடுவதும் குற்றம் என்று விதிக்கின்றது. இதற்கு 1,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமத்தை வைத்திருக்கும் தகுதியையும் இழக்க நேரிடலாம். “நான் ஓட்டவில்லை, என் மைத்துனர்தான் ஓட்டினார்” என்று உரிமையாளர் தப்பித்துக்கொள்ள இயலாது. ஓட்ட அனுமதித்ததே குற்றமாகும்.

அடுத்து வரும் 91ஆம் பிரிவு இக்காப்புறுதி எதற்கு ஈடு செய்ய வேண்டும் என்பதைக் கூறுகின்றது. சாலையில் அந்த வாகனத்தாலோ, அது இழுத்துச் செல்லும் நில வேலைக் கருவியாலோ பிறருக்கு மரணமோ உடற்காயமோ நேர்ந்தால் அதற்கு ஈடு செய்தல் வேண்டும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டிய கலப்பையும் புல்வெட்டியும் சட்டத்தின் கண்ணுக்குத் தப்பவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இங்கு “சாலையில்” என்ற சொல் மிக முக்கியமானது. பொதுமக்கள் சென்றுவரும் வழியையே சட்டம் சாலை என்று கொள்கின்றது. தனியார் தம் செலவில் அமைத்துப் பராமரிக்கும் வழி அதில் சேராது. உங்கள் நிலத்துக்குள் ஓடும் செம்மண் பாதை ஒரு வகை; அப்பாதை முடிந்து காப்பார் சாலையில் ஏறும் இடம் வேறு வகை. அந்த இடத்தில் கோடு எதுவும் வரையப்பட்டிருக்காது. ஆனால் டிராக்டரின் முன்சக்கரம் அதைக் கடந்த நொடியில் சட்டத்தின் கட்டாயம் தொடங்கிவிடுகின்றது. “சாலையை ஒருமுறை குறுக்கே கடப்பதுதானே!” என்று எண்ணாதீர்கள். குறுக்கே கடக்கும் அந்த அரை நிமிடத்தில்தான் மோட்டார் சைக்கிளில் வரும் பள்ளிச் சிறுவன் டிரெய்லரின் மீது மோதுகின்றான்.

அப்படியானால் நிலத்துக்குள் ஓடும்வரை காப்புறுதி வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு வெளிநாட்டு வழக்கு ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறுகின்றேன். ஐரோப்பாவில் ஸ்லோவேனியா நாட்டில் 2007ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், பண்ணை ஒன்றில் வைக்கோல் கட்டுகளைப் பரணில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். டிரெய்லர் மாட்டிய டிராக்டர் பின்னோக்கி வந்தபோது, ஒருவர் ஏறி நின்ற ஏணியில் இடித்தது. அவர் கீழே விழுந்து காயமுற்றார். “வாகனமாக ஓடும்போதுதான் காப்புறுதி, பண்ணையில் வேலை செய்யும் இயந்திரத்துக்கு அன்று” என்று கூறி அந்நாட்டு நீதிமன்றங்கள் அவர் கோரிக்கையைத் தள்ளின. வழக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்தை அடைந்தது. 2014ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், டிராக்டரின் இயல்பான பயன்பாடு எதுவாயினும் அது கட்டாயக் காப்புறுதிக்குள் அடங்கும் என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டுச் சட்டம் அவ்வாறு கூறவில்லை. நம் சட்டத்தின் கட்டாயம் சாலையோடு நின்றுவிடுகின்றது. ஆகவே நிலத்துக்குள் ஒருவர் அடிபட்டால், சட்டம் கட்டாயப்படுத்திய காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம். நட்ட ஈடு கேட்கும் வழக்கு மட்டும் உங்கள் வீட்டு வாசலுக்கு வரும். எனவே காப்புறுதி எடுக்கும்போது, “என் சொந்த நிலத்திலும் பிறர் நிலத்திலும் வேலை செய்யும்போது நேரும் விபத்துக்கு இப்பத்திரம் ஈடு செய்யுமா?” என்று முகவரிடம் கேளுங்கள். அவர் தரும் விடை பத்திரத்தில் எழுத்தில் இருக்கின்றதா என்றும் பாருங்கள். சில பத்திரங்களில், இயந்திரம் ஓரிடத்தில் நின்று வேலை செய்யும்போது நேரும் தீங்குக்கு ஈடு இல்லை என்ற விதி இருக்கும். அந்நிலையில் பொதுப் பொறுப்புக் காப்புறுதியைத் தனியாக எடுக்க வேண்டிவரும்.

காப்புறுதியில் பல படிகள் உள்ளன. மிகக் குறைந்தது சட்டம் கேட்கும் அளவுக்கு மட்டும் எடுப்பது; அது பிறருக்கு நேரும் மரணத்துக்கும் காயத்துக்கும் மட்டுமே ஈடு செய்யும். அடுத்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. அது பிறருடைய உடைமைச் சேதத்தையும் ஏற்கும். அதனோடு தீ, திருட்டு ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. முழுமைக் காப்புறுதி என்பது உங்கள் டிராக்டருக்கு நேரும் விபத்துச் சேதத்தையும் ஏற்பது. ஆனால் முழுமை என்ற பெயரைக் கண்டு மயங்கிவிட வேண்டா. வெள்ளச் சேதம் அதில் தாமாகவே அடங்குவதில்லை. கூடுதல் கட்டணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளான் சுற்றுப்புறங்களும் பட்ட பாட்டை நாம் மறந்திருக்க மாட்டோம். தாழ்வான நிலத்தில் டிராக்டரை நிறுத்துவோர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

கட்டணத்தைக் குறைப்பதற்காக டிராக்டரின் விலையைக் குறைத்துக் கூறுவோர் உளர். இது தமக்குத் தாமே இழைத்துக்கொள்ளும் தீங்கு. காப்புறுதித் தொகை சந்தை மதிப்பில் 90 விழுக்காட்டுக்குக் குறைவாக இருந்தால், நட்டத்தில் ஒரு பங்கை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது வழக்கமான விதி. 40,000 வெள்ளி பெறுமான டிராக்டரை 30,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்ததாகக் கொள்வோம். விபத்தில் பழுதுபார்க்க 8,000 வெள்ளி ஆகின்றது. நிறுவனம் நான்கில் மூன்று பங்கான 6,000 வெள்ளியை மட்டுமே தரும். மீதி 2,000 வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும். ஆண்டுக்குச் சில நூறு வெள்ளியை மிச்சம் பிடிக்க எண்ணியவர் இரண்டாயிரத்தை இழக்கின்றார்.

இதைவிடப் பெரிய தவறு, டிராக்டரை எதற்குப் பயன்படுத்துகின்றோம் என்பதை மறைப்பது. இந்தியாவில் நடந்த ஒரு வழக்கு இதனை நன்கு விளக்கும். விவசாயத்துக்கு மட்டும் என்று காப்புறுதி செய்யப்பட்ட டிராக்டர் அது. அதன் பின்னால் மாட்டிய டிரெய்லருக்குக் காப்புறுதியே இல்லை. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிச் செல்ல அதைப் பயன்படுத்தினார்கள். டிரெய்லரில் சென்ற ஏழைத் தொழிலாளி ஒருவர் கீழே விழுந்து படுகாயமுற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2007ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பில், மண் சுமப்பது விவசாய வேலையன்று, ஆதலால் காப்புறுதி நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்று நீதிபதிகள் கூறினர். ஆயினும் தொழிலாளியின் வறுமையைக் கருதி, நிறுவனம் முதலில் தொகையைச் செலுத்திவிட்டு, பின்னர் அதை டிராக்டர் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளட்டும் என்று ஆணையிட்டனர்.

இதன் பொருள் என்ன? காப்புறுதிப் பத்திரம் இருந்தும் உரிமையாளர் முழுத் தொகைக்கும் கடனாளியானார். ஆகவே பாரத்தில் உண்மையை எழுதுங்கள். சொந்த நிலத்துக்கு மட்டுமா, கூலிக்கும் ஓட்டுவீர்களா, மணலும் கல்லும் ஏற்றுவீர்களா, டிரெய்லர் உண்டா என்பவற்றை ஒளிக்காமல் கூறுங்கள். யார் யார் ஓட்டுவார்கள் என்பதையும் கூறுங்கள். கார் உரிமம் வைத்திருப்பவர் டிராக்டர் ஓட்ட இயலாது. அதற்கென்று தனி வகுப்பு உரிமம் உண்டு. உரிமம் இல்லாதவர் கையில் டிராக்டரைக் கொடுப்பது, பத்திரத்தைக் கிழித்துப்போடுவதற்கு ஒப்பாகும்.

இப்போது டிரெய்லரில் ஏறி வருவோரைப் பற்றி ஒரு சொல். அறுவடை முடிந்து அந்தி நேரத்தில், “அண்ணே, கொஞ்சம் இடம் கொடுங்கள்” என்று நாலு பேர் ஏறிக்கொள்வது நம்மிடையே உள்ள பழக்கம். இரக்கத்தால் இடம் கொடுக்கின்றோம். ஆனால் இவ்வாறு இலவசமாக ஏறி வரும் பயணிக்குக் காப்புறுதி எடுக்கும்படி சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அவ்வாறே, உங்களிடம் கூலி வேலை செய்பவர் வேலையின்போது அடிபட்டால், அதற்கும் கட்டாய மோட்டார் காப்புறுதி பொறுப்பாகாது. அவருக்கு உரிய பாதுகாப்பு சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புத் திட்டம். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த இத்திட்டத்தில், ஒரே ஒருவரை வேலைக்கு அமர்த்தியவரும் முதலாளியே. நேற்றுவரை தொழிலாளியாய் இருந்து சொக்சோவின் அருமையை உணர்ந்தவர், இன்று முதலாளியானதும் தம் ஆளுக்குச் சந்தா கட்டாமல் இருப்பது அறமாகாது.

ஓட்டுபவரான உங்களுக்கு என்ன பாதுகாப்பு? சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் டாக்சி ஓட்டுநர்களுக்கு இருந்த இத்திட்டம் 2020ஆம் ஆண்டு ஜனவரியில் விவசாயத் துறைக்கும் விரிவாக்கப்பட்டது. திட்டம் தொடங்கியபோது மிகக் குறைந்த ஆண்டுச் சந்தா 157 வெள்ளி 20 காசு. இன்றைய விகிதத்தைச் சொக்சோ அலுவலகத்தில் கேட்டறிந்து, வீட்டுக்காரம்மாவின் முன்னிலையில் பதிந்துகொள்ளுங்கள். ஏனெனில் உங்களுக்கு ஒன்று நேர்ந்தால் அலுவலகப் படி ஏறவேண்டியவர் அவர்தாம்.

விபத்து நேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றையும் மனத்தில் இருத்துங்கள். முதலில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பியுங்கள். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்யுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு ஏழு நாள்களுக்குள் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நிறுவனத்தைக் கேளாமல், “தவறு என்னுடையது, முழுப் பணத்தையும் தருகின்றேன்” என்று எவருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டா. கோரிக்கையில் நிறுவனத்தோடு கருத்து வேறுபாடு எழுந்தால், முதலில் அந்நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். அதில் நிறைவு இல்லையென்றால், 2025ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவையை நாடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

அன்பர்களே, இம்மண்டபத்துக்கு நீங்கள் துன் சம்பந்தன் சாலை வழியாக வந்திருப்பீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960ஆம் ஆண்டு தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அப்பெரியார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி வீதம் செலுத்திப் பங்குகளை வாங்கி, தோட்டங்களுக்கே உரிமையாளர்கள் ஆனார்கள். சிறு தொகையைத் தவறாமல் செலுத்தினால் பெரிய உடைமையை அடையலாம் என்று அவர்கள் காட்டினார்கள். அடைந்த உடைமையைக் காப்பதற்கும் வழி அதுவே.

வீடு திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். பெட்டியின் அடியில் இருக்கும் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, படித்த பிள்ளையைப் பக்கத்தில் அமர்த்தி, வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். முடியும் நாள் எது, பயன்பாடு என்னவென்று எழுதியிருக்கின்றது, டிரெய்லரின் பெயர் இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையென்றால், நாளை காலை டிராக்டரை வெளியே எடுப்பதற்கு முன் முகவரைப் பாருங்கள்.