கல்லும் உயிரும்: மன்னார் வளைகுடாவில் மீள்வதும் மீளாததும்

கடலுக்கு மனிதர் இழைக்கும் கேடுகளை ஒரே தட்டில் வைத்து, எல்லாவற்றுக்கும் ‘சீர்கேடு’ என்னும் ஒரே பெயரைச் சூட்டிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அக்கேடுகளுள் சில, மனிதர் கையை எடுத்துக்கொண்டால் சில ஆண்டுகளில் ஆறிவிடுகின்றன. வேறு சில, பல தலைமுறைகள் காத்திருந்தாலும் ஆறுவதில்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் வகுக்கப்படும் பாதுகாப்புத் திட்டம், ஆறக்கூடிய புண்ணுக்கு மருந்திட்டுக்கொண்டே ஆறாத புண்ணைப் பெருகவிடும் என்பதற்கு மன்னார் வளைகுடாவை விடத் தெளிவான சான்று தமிழ்நாட்டுக் கரையில் இல்லை.

இராமேசுவரம் தொடங்கித் தூத்துக்குடி வரை, நிலக்கரையிலிருந்து சராசரி 8 கிலோமீட்டர் தொலைவில், மண்டபம், கீழக்கரை, வேம்பார், தூத்துக்குடி என்னும் நான்கு தொகுதிகளாக, நீரில் அமிழ்ந்துவிட்ட இரண்டையும் சேர்த்து, 21 தீவுகள் அமைந்துள்ளன. 1986இல் இத்தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலும் சேர்ந்த 560 சதுர கிலோமீட்டர் பரப்பு கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் அதனை உள்ளடக்கிய 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. தீவு ஒவ்வொன்றும் பவளத் திட்டின் மேல், உடைந்த பவளமும் மணலும் திரண்டு உருவானதாகும். சுற்றியுள்ள பவளப்பாறை தேய்ந்தால் தீவும் தேயும் என்பதே இதன் பொருள்.

பவளப்பாறை என்று வழங்கப்படுவது கல்லும் உயிரும் சேர்ந்த அமைப்பு ஆகும். பாலிப் எனப்படும் மிகச் சிறிய உயிர்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தைப் பிரித்துத் தம்மைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் திசுவுக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசி, கதிரொளியைக் கொண்டு உணவு ஆக்கி அவற்றுக்கு வழங்குவதோடு நிறத்தையும் தருகிறது. மேற்பரப்பில் உயிருள்ள மெல்லிய படலமும், அதன் கீழே முன்னோர் விட்டுச்சென்ற கூடுகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறுகிய கற்தளமும் உள்ளன. கிளைவகைப் பவளம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நீளும். உருண்டைவகைப் பவளமோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். படலம் அழிந்தால் அண்டைப் பாறைகளிலிருந்து மிதந்துவரும் குஞ்சுயிர்கள் தளத்தில் ஒட்டி மீண்டும் படலம் ஆகும். தளமே பெயர்க்கப்பட்டால் ஒட்டுவதற்கு இடமிராது.

அத்தளம்தான் மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகளாகப் பெயர்த்தெடுக்கப்பட்டது. வள்ளங்களில் சென்ற கூலியாட்கள் வற்று நீரில் இறங்கி, கடப்பாரையால் நெம்பிக் கற்களைப் பெயர்த்து, மூழ்கித் தூக்கி வள்ளத்தில் ஏற்றினர். கரையில் அவை உலர்த்தப்பட்டுக் காளவாயில் சுண்ணாம்பாக நீற்றப்பட்டன. சிமெண்ட், கால்சியம் கார்பைடு ஆலைகளுக்கும் சென்றன. வீட்டுச் சுவரிலும் சாலையிலும் பதிந்தன. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் 1972இல் வெளியான ஆய்வில், மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கன மீட்டர் பவளக்கல் எடுக்கப்பட்டதாகக் கணித்தனர். எச்சரிக்கை அவ்வளவு முன்னதாகவே அச்சில் இருந்தது. பூங்கா அறிவிப்பு வர மேலும் 14 ஆண்டுகளும், பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர 2001 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது என்பது வருந்தத்தக்க உண்மை. கல்லெடுத்தவர்கள் அன்றாடக் கூலிக்கு மூழ்கியவர்கள். அக்கல்லைக் கேட்டு வாங்கிய தொழிலும் அதனை மலிந்த மூலப்பொருளாக மட்டுமே கண்ட நிர்வாகமும்தான் பொறுப்பில் பெரும்பங்கைச் சுமக்க வேண்டியவை.

விளைவு நிலப்படத்திலேயே தெரிகிறது. கீழக்கரைத் தொகுதியின் பூவரசன்பட்டியும் தூத்துக்குடித் தொகுதியின் விலாங்குச்சல்லியும் நீருக்குள் அமிழ்ந்துவிட்டன. 1969இல் ஏறத்தாழ 21 ஹெக்டேர் பரப்புக் கொண்டிருந்த காரைச்சல்லி, இன்று அதில் சிறு பகுதியாகச் சுருங்கிவிட்டது. கடல்மட்ட உயர்வும் இதற்குக் காரணம் என்றாலும், அலையின் வேகத்தை உடைத்த கற்தளம் பெயர்ந்த இடங்களில்தான் அரிப்பு முதலில் முற்றியது.

சட்டத்தின் கெடுபிடியாலும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோர மக்களிடம் எழுந்த விழிப்பாலும் கல்லெடுப்பு 2005 வாக்கில் ஓய்ந்தது. அதன்பின் நிகழ்ந்ததை இத்துறையில் ஈடுபடுவோர் அனைவரும் கருதிப்பார்க்க வேண்டும். தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவீடுகளின்படி, 2005இல் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 2009இல் ஏறத்தாழ 43 விழுக்காடாக உயர்ந்தது. தளம் எஞ்சியிருந்த இடங்களில், தொல்லை நீங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே உயிர்ப்படலம் மீண்டது.

அடுத்து வந்த கேடு கடப்பாரை இல்லாதது. கடல்நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தை ஒரு பாகை கடந்து சில வாரங்கள் நீடித்தால், பாலிப்புகள் தம்முள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகின்றன. திசு ஒளிபுகுவதாகி உள்ளிருக்கும் வெண்கூடு தெரிவதால் இதனை வெளிறல் என்பர். வெப்பம் விரைவில் தணிந்தால் பாசி திரும்பும்; தணியாவிட்டால் பவளம் பட்டினியால் சாகும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா கடுமையாக வெளிறியது. 2016இல் மட்டும் உயிருள்ள பரப்பு ஏறத்தாழ 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காடாக வீழ்ந்தது. விரைந்து வளர்ந்து பரப்பை மீட்டுத்தந்த கிளைவகைகளே பெரிதும் மடிந்தன, மெல்ல வளரும் உருண்டைவகைகள் ஓரளவு தாங்கின. ஒரு வெளிறலுக்கும் அடுத்ததற்கும் இடையிலான காலம் குறுகக் குறுக, ஆறக்கூடிய புண்ணும் ஆறாததாக மாறுகிறது. இந்தக் கரையில் எந்தக் காவலர் ரோந்து சுற்றினாலும் இவ்வெப்பத்தைத் தடுக்க இயலாது.

இழுவைமடியின் கேடு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. விசைப்படகு தரையோடு இழுத்துச் செல்லும் அம்மடி இறாலோடு விலைபோகாத குஞ்சு மீன்களையும் அள்ளிவருகிறது; சங்காயம் என வழங்கும் அக்குவியல் கருவாடாகிக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. மீனவர்கள் தாழை என்று அழைக்கும் கடற்புல் வேரோடு பெயர்கிறது. அப்புல்லை மேய்ந்தே உயிர்வாழும் கடற்பசுவுக்காக, பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரைகளையொட்டி 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்பகம் 2022இல் அறிவிக்கப்பட்டது நல்ல தொடக்கமே. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாதிருக்கும் தடைக்காலமும் பயனுடையது; எனினும் தடைக்காலம் கழிந்த மறுநாளே அதே தரை உழப்படுமானால், புல் மீள அக்கால அளவு போதாது.

நன்னோக்கத்தோடு கொண்டுவரப்பட்டதும் கேடாக முடியலாம் என்பதைக் காட்டியது கப்பாபைகஸ் என்னும் அயல் பாசி. உணவுத் தொழிலுக்கான கராஜீனன் என்னும் பசைப்பொருளுக்காக, பிலிப்பைன்ஸ் கடலைத் தாயகமாகக் கொண்ட இப்பாசி 1990களில் மண்டபத்துக்கு வந்தது. கரையோர மகளிருக்கு வருமானம் தருவதாக வளர்ப்பும் பெருகியது. ஆனால் குருசடைத் தீவில் அது பவளத்தின் மேல் படர்ந்து ஒளியை மறைத்து மூச்சடைப்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் பதிவுசெய்தனர். பிடுங்கி அகற்றினாலும் ஒட்டியிருக்கும் துணுக்கிலிருந்தே அது மீண்டும் தழைக்கிறது.

பாசி எடுக்கும் பெண்களின் வழக்கம் இதற்கு மாறானது. மரிக்கொழுந்து, கட்டக்கோரை முதலிய இயற்கைப் பாசிகளைத் தலைமுறைகளாக மூழ்கிச் சேகரிக்கும் அவர்கள், விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கல்லைச் சுரண்டாமல் பாசியைக் கையால் பறிக்கின்றனர். இரும்புச் சுரண்டிகளைத் தாமே விலக்கினர், மாதத்தில் 12 நாள் மட்டுமே இறங்குவது என்று தமக்குள் கட்டுப்பாடு வகுத்தனர். பாசி பற்றிநிற்கும் கற்தளத்தைக் காக்கும் இவ்வொழுங்கு, ஆறும் கேட்டுக்கும் ஆறாக் கேட்டுக்கும் இடையிலான எல்லையை நடைமுறையில் அறிந்தவர்களின் ஒழுங்காகும். அப்படியிருந்தும் பூங்கா எல்லைக்குள் நுழைந்தவர்களாக வழக்கும் அலைக்கழிப்பும் அவர்களுக்கு நேர்ந்தன. காப்பகத்தின் திட்டக் கூட்டங்களில் அவர்கள் சாட்சிகளாக அல்லாமல் முடிவெடுப்போராக அமர்வதே முறை.

இழந்த தளத்துக்கு ஈடாக வான் தீவைச் சுற்றி 2015 முதல் கான்கிரீட் செயற்கைப் பவளத்திட்டுகள் இறக்கப்பட்டன. துளைகள் கொண்ட அக்கட்டமைப்புகள் அலையின் வேகத்தைத் தணித்து மணலைத் தங்கவைக்கின்றன. மீன்கள் அண்டுகின்றன, பவளக் குஞ்சுயிர்களும் ஒட்டுகின்றன. காரைச்சல்லியைக் காக்கவும் இம்முறையே கைக்கொள்ளப்படுகிறது. ஒரு காலத்தில் சில ரூபாய்க் கூலிக்குப் பெயர்த்து விற்கப்பட்ட கல்லின் இடத்தை, இன்று அரசு கோடிக்கணக்கான ரூபாய் செலவிட்டுக் கான்கிரீட்டால் நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கான்கிரீட்டின் மேல் ஒட்டி வளரும் இளம் பவளமும் அடுத்த வெப்பக் கோடையைக் கடந்தாக வேண்டும்.