சாத்திர தானமும் ஔடத தானமும்: கல்வியும் உடலின் அழலும்

(மகாவீரர் ஜெயந்தி விழா உரையின் எழுத்து வடிவம்)



ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் எனச் சமணம் வகுத்த தானங்கள் நான்கு. இல்லறத்தார் அனைவரும் அறிந்த வைப்புமுறை இது. அறக்கட்டளைகளின் கணக்கேடுகளிலும் மருத்துவ உதவி ஒரு பக்கத்திலும் கல்வி உதவி வேறொரு பக்கத்திலும் எழுதப்படுகின்றன. ஆயின் இவ்விரண்டும் உண்மையிலேயே இரண்டுதானா? ஒருவர் எத்தனை ஆண்டு பள்ளியில் பயின்றார் என்பதன் சுவடு, அவர் ஐம்பது வயதை எட்டியபின் எடுக்கும் சிறிது இரத்தத்தில் தெரியுமா? மருத்துவ உலகம் சில பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் வினா இது. இதனைத் தூத்துக்குடிக் கடற்கரையில் நின்று எண்ணுவது பொருத்தமுடையது. கொற்கையும் உப்பளங்களும் துறைமுகமும் அமைந்த அம்மாவட்டத்திலேதான் கழுகுமலையும் இருக்கிறது.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து தலயாத்திரை செல்வோர் கழுகுமலையில் பார்சுவநாதரையும் பாகுபலியையும் அம்பிகையையும் வணங்கித் திரும்புவர். சிற்பங்களின் கீழுள்ள வட்டெழுத்துகளின்முன் சற்று நிற்போர் சிலரே. நிற்பவர்க்குக் கிடைப்பது ஒரு பழைய பள்ளியின் பெயர்ப்பட்டியல். ஆசிரியரும் மாணாக்கரும் அங்கே பெயர் பெயராகப் பொறிக்கப்பட்டுள்ளனர். குரத்தியார் எனப்பட்ட பெண் ஆசிரியர்களும் அவருள் உளர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பெண்கள் கற்றும் கற்பித்தும் வாழ்ந்த மலை அது. கல்வியையும் மருந்தையும் அக்காலத்தார் வெகுதொலைவில் பிரித்து வைக்கவில்லை என்பதற்கு இலக்கியச் சான்றும் உண்டு. ஏலாதியும் சிறுபஞ்சமூலமும் அறநூல்கள். தாங்கி நிற்பனவோ மருந்தின் பெயர்கள். அவற்றை இயற்றிய கணிமேதாவியாரும் காரியாசானும் சமணர். மாக்காயனாரிடம் ஒருங்கு பயின்ற மாணாக்கர்.

இனி, அழற்சி என்பது யாது? அழல் என்றால் நெருப்பு. அதனடியாகப் பிறந்த சொல் அழற்சி. ஐரோப்பிய மொழிகளிலும் இந்நிலைக்கு நெருப்பை ஒட்டியே பெயர் அமைந்தது. செம்மை, வீக்கம், வெம்மை, வலி என்னும் நான்கு குறிகளை முதல் நூற்றாண்டிலேயே செல்சுஸ் என்னும் உரோமானியர் எழுதிவைத்தார். அதன் உள்ளியக்கம் விளங்கத் தொடங்கியது 1882இல். இத்தாலியின் மெசினாக் கடற்கரையில், உருசிய அறிஞர் மெச்னிகோவ், கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் நட்சத்திர மீன் குஞ்சின் உடலில் ரோசா முள்ளைச் செருகினார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் நோக்கியபோது, முள்ளைச் சூழ்ந்து உடலின் உயிரணுக்கள் திரண்டிருந்தன. அகிம்சை பேணுவோர் செவிக்கு இனிக்கும் சோதனை அன்று இது. ஆயினும் உடல் தன்னைத் தானே காத்துக்கொள்ளும் வகையை அது காட்டிற்று. 1908இல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பியும் ஒருவகையில் இதனையே செய்கிறது. மணல்துகள் விழுவதால் முத்து பிறக்கிறது என்பது வழக்கு. பெரும்பாலும் ஒட்டுண்ணியோ, சிப்பியின் மேலுறையில் நேர்ந்த காயமோதான் காரணம். மேலுறையின் அணுக்கள் அவ்விடத்தே ஒரு பைபோல் சூழ்ந்து, ஓட்டின் உட்புறத்தில் பூசும் அதே ஒளிப்பொருளை அடுக்கடுக்காகப் பூசுகின்றன. தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பியின் உள்ளே ஒரு மணியையும் மேலுறைத் துண்டையும் வைத்து, இம்முறையாலேயே முத்து விளைவித்தனர்.

சிப்பிக்கு இது அணிகலனாய் முடிகிறது. மனிதர்க்கு அவ்வாறு முடிவதில்லை. முள் தைத்த இடத்தில் எழும் அழல், முள் நீங்கியதும் அணைந்தால் அது காவல். அணையாமல் ஆண்டுக்கணக்கில் நீறுபூத்த நெருப்பாய்க் கிடந்தால் அதுவே கேடு. இரத்தக் குழாயின் உட்சுவரில் கொழுப்பு படிய, அதைச் சூழ வெள்ளணுக்கள் திரள, அங்கே உருவாவது கொழுப்புத் திட்டு. அது ஒருநாள் வெடித்துக் குருதி உறைந்தால் மாரடைப்பு. நீரிழிவோடும் இவ்வழலுக்கு நெருங்கிய உறவு உண்டு. வலியோ வீக்கமோ இன்றி உள்ளே கிடக்கும் இத்தகைய அழலை அளக்கும் கருவிகளுள் ஒன்று, கல்லீரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்னும் புரதம். 1930இல் நியூயார்க்கின் ராக்பெல்லர் நிறுவன மருத்துவர் இருவர், நிமோனியா நோயாளிகளின் குருதியில் அதனைக் கண்டனர். கடுங்காய்ச்சலில் லிட்டருக்கு 100 மில்லிகிராமையும் தாண்டும் அப்புரதம், உடல்நலம் உடையோர்க்கு 1 மில்லிகிராமுக்கும் கீழே நிற்பது நன்று. நோயெதுவும் வெளிப்படாத நிலையில் 3 மில்லிகிராமுக்கு மேல் நின்றால், இதயநோய் வாய்ப்பு மிகுதி எனக் கொள்வர்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆயிரக்கணக்கானோரின் குருதியை அளந்த ஆய்வுகள் பலவற்றில், பள்ளி ஆண்டுகள் குறைந்தோர்க்கு இப்புரதம் மிகுந்திருக்கக் கண்டனர். காரணம் தேடியபோது, உடற்பருமனும் புகைப்பழக்கமும் அவ்வேறுபாட்டின் பெரும்பகுதியை விளக்கின. வயிற்றுக் கொழுப்பு வெறும் சுமையன்று; அழலைத் தூண்டும் பொருள்களைத் தானே சுரப்பது. புகையும் அவ்வாறே. ஈறுநோயும் உறக்கக் குறைவும் இவற்றோடு சேரும்.

எனினும் கதை அங்கே முடியவில்லை. இலண்டன் அரசு அலுவலர் ஏறத்தாழ 18,000 ஆடவரை 1967 முதல் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அவருள் பட்டினி கிடந்தவர் இலர். மருத்துவம் அனைவர்க்கும் இலவசம். அவ்வாறிருந்தும், கடைநிலை ஊழியரிடையே இதயநோய் மரணம், மேல்நிலை அலுவலரிடையே இருந்ததைப்போல் மூன்று மடங்குக்கும் மேலாக இருந்தது. இடைப்பட்ட ஒவ்வொரு படிக்கும் ஒவ்வோர் அளவு. 1985இல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வில் குருதியின் அழற்குறிகளிலும் பதவிப்படிகளின் சாயல் தெரிந்தது. தன் வேலையின் போக்கைத் தானே வகுக்க இயலாமை உடலைத் தாக்குகிறது என்பது அவ்வாய்வை நடத்திய மைக்கேல் மார்மட் குழுவினரின் முடிபுகளுள் தலையாயது.

இலண்டன் அலுவலகத்திலிருந்து தூத்துக்குடி உப்பளத்துக்கு வருவோம். வேலையின் போக்கைத் தான் வகுக்க இயலாமைக்கு உப்பளத்தைவிடத் தெளிவான இடம் எது? நிழல் அற்ற பாத்தி. காலடியில் செறிந்த உப்புநீர். கண்ணெதிரே வெள்ளை உப்பின் கூசொளி. பாதம் வெடிக்கும், வெடிப்பில் உப்பு ஏறும், ஆறுமுன் மறுநாள் வேலை. கழிப்பிடம் இல்லாத அளத்தில் பெண்கள் நீர் அருந்துவதையே குறைத்துக்கொள்வர். சிறுநீர்ப் பாதையில் தொற்று வரும். ஒவ்வொன்றும் ஒரு முள். முள் நீங்குவதற்குள் அடுத்த முள் தைக்கிறது. மழை வந்தால் அளம் மூடும். அப்போது கவலையே முள்.

முன்னாளில் முத்துக்குளித்தோர் நிலையும் இதனோடு ஒப்பிடத் தக்கது. கல்லைக் காலில் பூட்டி ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்கியவர்க்கு நீரழுத்தத்தால் செவிப்பறை கிழிவதும், பின்னர்ச் சீழ் கோப்பதும் தொழிலின் பகுதி. பார் எது, சிப்பி முற்றியது எது என்னும் நுண்ணறிவு அவர்களிடம் இருந்தது. எழுத்தறியாதாரை அறிவற்றார் எனக் கருதுவது பேதைமை. ஆயினும் அவ்வறிவு அவர்களை ஆழத்திலேயே வைத்திருந்தது. 1961க்குப் பின் அக்கடலில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. தொழில் நின்றபோது, எழுத்தறிந்த பிள்ளைக்கு வேறு வாயில்கள் இருந்தன. அறியாத பிள்ளைக்குக் கடலும் அளமும் துறைமுகச் சுமையுமே இருந்தன. கல்வி உடலைக் காக்கும் முதல் வழி இதுதான்: அது வேறொரு வேலையைக் காட்டுகிறது.

இவ்விடத்தில் ஓர் எதிர்ச்சான்றை மறைப்பது வாய்மையன்று. இங்கிலாந்து 1947இல் பள்ளி நீங்கும் வயதை 14இலிருந்து 15 ஆக உயர்த்தியது. 1970களின் தொடக்கத்தில் 16 ஆக்கியது. சட்டத்தால் ஓராண்டு கூடுதலாகப் பயின்றோரின் சி.ஆர்.பி. அளவையும் அதற்குச் சற்று முன்னர்ப் பிறந்து பயிலாதோரின் அளவையும் ஒப்பிட்டவர்கள், அவ்வோராண்டால் குருதியில் உறுதியான மாற்றம் ஏதும் காணவில்லை. கல்விக்கும் அழலுக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. வகுப்பில் ஓராண்டு கூடுதலாக அமர்ந்தவர் பெரும்பாலும் அதே தெருவுக்கும் அதே ஆலைக்கும் திரும்பியிருப்பார். வாழ்வின் தடம் மாறாதபோது குருதி மட்டும் எங்ஙனம் மாறும்? சாத்திர தானம் ஔடத தானமாவது, அக்கல்வி தொழிலையும் இல்லத்தையும் அடுப்பையும் மாற்றும் அளவுக்கு நீளும்போதுதான். பாதியில் நிற்கும் உதவி பாதி மருந்தாகவும் ஆவதில்லை.

நம் சமூகத்துக்கும் இதில் ஒரு சொல் உண்டு. 2001 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியச் சமணரின் எழுத்தறிவு 94.1 விழுக்காடு, சமயத்தாருள் அதுவே முதலிடம். அவ்வாறாயின் நம் குருதி குளிர்ந்திருக்க வேண்டும் அல்லவா? நம் நாட்டில் கணக்கு சற்றே திரும்புகிறது. செல்வம் ஏற ஏற உடற்பருமனும் ஏறுவதைத் தேசியக் குடும்பநல ஆய்வுகள் காட்டுகின்றன. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்திய ஆய்வில், உடற்கொழுப்பும் நீரிழிவும் உள்ளோர்க்கு சி.ஆர்.பி. மிகுந்திருந்தது. புலால் உண்ணாமையும் இரவு உண்ணாமையும் போற்றத்தக்க நோன்புகள். ஆனால் கதிரவன் மறையுமுன் உண்ட நெய்ப்பலகாரமும் நெய்ப்பலகாரமே. நாற்காலியில் அமர்ந்து கற்பித்தும் கணக்கெழுதியும் வாழும் கற்றோரின் அழல் வயிற்றில் தோன்றுகிறது. அளத்தில் நிற்பவரின் அழல் பாதத்தில் தோன்றுகிறது. சோதனைச்சாலை இருவர்க்கும் ஒரே எண்ணை எழுதித் தரலாம். முன்னவர்க்கு வேண்டியது நடையும் அளவான உணவும். அதற்கு அறக்கட்டளை தேவையில்லை. பின்னவரின் மகளுக்கு வேண்டியது வேறு.

தூத்துக்குடி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011இல் 86 விழுக்காடு. மாநிலச் சராசரி 80. ஆதலின் அங்கே எழுத்தறிவித்தல் பெரும்பாலும் நடந்தேறிவிட்டது. இடர் மேல்நிலை வகுப்புக்கும் கல்லூரிக்கும் இடையில். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் திசம்பர் வரை, அளத்தில் கூலி இராது. பிள்ளையை வேலைக்கு அனுப்பும் எண்ணம் வீட்டில் எழும் மாதங்கள் அவை. கல்வி உதவி பெரும்பாலும் சூன் மாதத்தில், கட்டணத்தை ஒட்டி வழங்கப்படுகிறது. அளத்துப் பிள்ளைக்கு அதன் ஒரு பகுதியை அக்டோபரில் வழங்குவதும், ஓராண்டோடு நிறுத்தாமல் பட்டம் பெறும்வரை தொடர்வதும், அத்தொகையோடு பெற்றோர்க்கு ஒரு சோடி முழங்கால் காலணியும் கூசொளிக் கண்ணாடியும் சேர்ப்பதும் பொறுப்பாளர்கள் எண்ணத்தக்கவை. கணக்கேட்டில் அதனை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்பதைக் கணக்கர் முடிவு செய்துகொள்வார்.