பழைய லேண்ட்ரோவரின் கார்புரேட்டர்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேண்ட்ரோவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இந்த வண்டி, நம் செம்மண் பாதைகளில் துரையையும் சுமந்தது, நோயாளியையும் சுமந்தது. இன்றும் பழைய வண்டியை விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அதன் கார்புரேட்டர் கோளாறுகளைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

முதலில் ஒரு நிகழ்ச்சி. 1974-ஆம் ஆண்டு, மழைக்காலம். நான் தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் எடுபிடியாக இருந்தேன். நள்ளிரவில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி. லேண்ட்ரோவரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். சமதரையில் நன்றாக ஓடிய வண்டி, மேட்டில் இருமி இருமி நின்றுவிட்டது. நான் மண்ணெண்ணெய் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். “விளக்கோட அங்கேயே நில்லுடா தம்பி, கிட்ட வராதே!” என்று டிரைவர் அண்ணன் அதட்டினார். டார்ச் வெளிச்சத்தில் பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினார். அதில் பாதிக்குமேல் தண்ணீர்! கிண்ணத்தையும் கார்புரேட்டரையும் துடைத்து மாட்டி, கைப்பிடியால் சுழற்றி எஞ்சினைக் கிளப்பினார். விடிவதற்குள் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் நலமாக இருந்தார்கள்.

அந்தத் தண்ணீர் எப்படி வந்தது? வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்த பெட்ரோல் பீப்பாயின் தலையில் மழைநீர் தேங்கும். பகலில் சூடேறிய பீப்பாய் இரவில் குளிரும்போது, சரியாக இறுகாத மூடி வழியே அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே பீப்பாயைக் கூரையின் கீழ் வைக்க வேண்டும். இயலாவிட்டால், இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி படுக்க வைக்க வேண்டும்.

இனி கார்புரேட்டரின் வேலையைப் பார்ப்போம். எடைக் கணக்கில் ஏறக்குறைய 15 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுவதே அதன் வேலை. தண்ணீர்த் தொட்டியில் உருண்டை மிதந்து குழாயை அடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் இதற்குள்ளும் ஒரு மிதவை உண்டு. கிண்ணம் நிரம்பியதும் மிதவை எழுந்து, ஓர் ஊசியால் பெட்ரோல் வழியை அடைக்கும். கிண்ணத்திலிருந்து ‘ஜெட்’ என்னும் நுண்ணிய துளைகளின் வழியே பெட்ரோல் காற்றில் கலக்கும்.

வண்டி நின்றால் உடனே கார்புரேட்டரைக் கழற்றாதீர்கள். முதலில் ஸ்பார்க் பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பாருங்கள். பிளக்கின் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு.

அடுத்து, பெட்ரோல் வருகிறதா? எஞ்சின் ஆறியபின் கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு டின்னில் விடுங்கள். பம்பின் அடியிலுள்ள சிறு நெம்புகோலைக் கையால் அசைத்தால் பெட்ரோல் பீறிட்டு வர வேண்டும். வராவிட்டால் குறை பம்பிலோ, குழாயிலோ, டாங்கியிலோ இருக்கிறது.

பெட்ரோல் வந்தும், வேகத்தில் ஓடும் எஞ்சின் மெதுவாக ஓடும்போது மட்டும் நின்றால், மெது ஓட்டத்திற்கான ஜெட் அடைத்திருக்கலாம். மெதுவாக ஓடி, மேட்டில் இழுக்காவிட்டால் பெரிய ஜெட்டைக் கவனியுங்கள். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தவே கூடாது. துளை இம்மியளவு பெரிதானாலும் கலவை கெட்டுவிடும்.

கரும்புகையும் பெட்ரோல் நாற்றமும் வந்தால், சோக் கம்பி முழுவதும் திரும்புகிறதா என்று பாருங்கள். காற்று வடிகட்டியில் சேறு படிந்திருந்தால் கழுவி, புதிய எண்ணெய் ஊற்றுங்கள். ஊசியில் தூசி சிக்கினாலும், மிதவை ஓட்டையானாலும் பெட்ரோல் வழியும். மிதவையைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டைதான், புதியது போடுங்கள். பெட்ரோல் புகுந்த மிதவையை ஈயம் வைத்துப் பற்றவைக்க முயன்றால் அது வெடிக்கக்கூடும்.

2,286 சிசி எஞ்சினில் வரும் ஸெனித் 36 கார்புரேட்டரில் இன்னொரு குறையும் உண்டு. அளவுக்குமீறி முடுக்கினால் மேல்மூடி வளைந்துவிடும். தட்டையான கண்ணாடிமேல் வைத்தால் வளைவு தெரியும். உள்ளேயுள்ள சிறு ரப்பர் வளையம் நைந்தாலும் பெட்ரோல் அதிகமாக இழுக்கும். வளையத்தின் விலை சொற்பம். வீணாகும் பெட்ரோலோ அதிகம்.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்க அனுமதிக்காதீர்கள். பிள்ளைகள் தண்ணீரென்று குடித்துவிடுவார்கள். வாயால் உறிஞ்சிப் பெட்ரோல் எடுப்பதும் ஆபத்து. அது நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே கேடு. பழுது பார்க்கும் இடத்தில் சுருட்டும் சிகரெட்டும் வேண்டாம். பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யச் சொல்லுங்கள்.

அன்றிரவு டிரைவர் அண்ணன் என்னை அதட்டியிராவிட்டால், இன்று உங்களிடம் பேச நான் இருந்திருக்க மாட்டேன். அவர் கற்றுத்தந்த பாடம் இதுதான்: அவசரம் எவ்வளவு இருந்தாலும், நெருப்பைத் தள்ளி வை; பிறகு கோளாறைத் தேடு.