விடுதிக்குப் பொது இணையம்

(நமது மாணவர் விடுதியின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில், விடுதிக் கமிட்டியார் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் விடுதியின் வரவு செலவையும் பரீட்சைத் தேர்ச்சியையும் வாசித்துவிட்டு அமர்வதே கமிட்டியாரின் வழக்கம். இன்று அவ்வழக்கத்தைச் சற்றே ஒதுக்கி, ஒரு விஷயத்தை விரித்துரைக்க உத்தரவு கேட்கிறோம். பலர் கூடி வாழும் ஒரு மாணவர் விடுதியில் இணைய வசதியைப் பொதுவில் அமைத்து, அதை யாவரும் ஒப்ப அனுபவிக்கச் செய்வது எங்ஙனம் என்பதே அவ்விஷயம். இதில் நாம் முதலில் தவறினோம், பின்னரே கற்றோம். நம் தவறு பிறருக்குப் பாடமாகுமாயின், அதைச் சபையில் எடுத்துச் சொல்ல வெட்கப்பட வேண்டுவதில்லை.

வெளியூரிலிருந்து பாளையங்கோட்டைக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு உண்ணச் சோறும், உறங்க இடமும், இரவில் படிக்க விளக்கும் வேண்டுமென்று கருதியே நம் முன்னோர் பிடியரிசியும் மகமையும் சேர்த்து இவ்விடுதியை எழுப்பினார்கள். அக்காலத்துக்கு விளக்கு எத்தகையதோ, இக்காலத்துக்கு இணையமும் அத்தகையதே. 1995-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி விதேஷ் சஞ்சார் நிகம் நம் தேசத்தில் பொது ஜனங்களுக்கு இணைய சேவையைத் திறந்தபோது, அது வசதியுள்ளோர் சிலருக்கே உரியதாயிருந்தது. இன்றோ அதன்றி மாணவ வாழ்வே இல்லை. பொறியியற் கல்லூரிச் சேர்க்கைக்குரிய கலந்தாய்வு 2018-ம் வருஷம் முதல் இணைய வழியில் நடைபெறுகின்றது. உபகாரச் சம்பள மனுவும் பரீட்சை முடிவும் அவ்வழியே. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் கூடி நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை, இங்குள்ள ஏழை மாணவன் தன் பாயில் அமர்ந்தவாறே கட்டணமின்றிக் கேட்கலாம். கேட்பதற்கு வழி மட்டும் திறந்திருக்கவேண்டும்.

அவ்வழியை நாம் திறந்த விதத்தைக் கேளுங்கள். நமது விடுதியில் அறைகள் 32. அறைக்கு மூவராக மாணவர் 96 பேர். ஃபைபர் இணைப்பு ஒன்று வாங்கி, வீட்டு உபயோகத்துக்கான ஒரே ரவுட்டரை வார்டன் அறையில் மாட்டி, கடவுச் சொல்லைச் சமையற்கூடச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்டோம் என்று மகிழ்ந்தோம். வார்டன் அறைக்கு அண்டையிலிருந்த நான்கு அறைகளுக்கு அது சொர்க்கம். மாடியின் கோடியிலிருந்தோர்க்கு அது பெயரளவே. இரவு 8 மணிக்குமேல் யாவர்க்குமே அது பயன்படவில்லை. மாணவர் முறையிட்டனர். கமிட்டியார், 'இன்னும் பெரிய இணைப்பாக வாங்கினால் தீரும்' என்று எண்ணி, 100 மெகாபிட்டை 300 ஆக்கினோம். முறையீடு தீரவில்லை.

இதனிடையே நேர்ந்த ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். தகப்பனாரை இழந்த ஒரு மாணவன், தன் உபகாரச் சம்பளத்தைப் புதுப்பிக்கும் மனுவைக் கடைசி நாள் இரவில் அனுப்ப முயன்றான். அவன் கைபேசியில் டேட்டா தீர்ந்துபோயிருந்தது. விடுதி இணையமும் வேலை செய்யவில்லை. கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நள்ளிரவு வரை மொட்டை மாடியில் நின்றிருக்கிறான். மனு போகவில்லை, கெடுவும் கடந்தது. அவன் எவரையும் குறைகூறவில்லை. அடுத்த தவணைக் கட்டணம் கட்ட இயலாதபோதுதான் விஷயம் எமக்கு எட்டியது. கட்டணத்தைக் கமிட்டியார் கட்டினோம். அது தர்மம் அன்று. நாம் பட்ட கடன்.

அதன் பின்னரே, அவ்வித்தை பயிலும் நம் மாணவர் மூவரை அழைத்து, 'குறை எங்கே என்று கண்டு சொல்லுங்கள்' என்று கேட்டோம். அவர்கள் முதலில் வெளியிலிருந்து வரும் கம்பியிலேயே நேரே அளந்து பார்த்தார்கள். 300 மெகாபிட்டும் குறைவின்றி வந்துகொண்டிருந்தது. 60 பேர் ஏககாலத்தில் உபயோகித்தாலும் ஆளுக்கு 5 கிடைக்கும். ஒரு பாட வீடியோவைச் சாதாரணத் தெளிவில் காண 2 அல்லது 3 போதும். ஆகவே குறை வாசலுக்கு வெளியே இல்லை, வாசலுக்கு உள்ளேதான் என்பது விளங்கிற்று.

அதன் காரணத்தை அவர்கள் எமக்கு உரைத்தவாறே தங்களுக்கும் உரைக்கிறோம். வைஃபை என்பது வானொலி அலையால் பேசும் முறை. ஒரு சானலில் பொதுவாக ஒரு சமயத்தில் ஒருவரே பேசலாம், ஏனையோர் பொறுத்திருக்கவேண்டும். இச்சபையில் ஒருவர் பேசும்போது மற்றையோர் கேட்டிருப்பதைப் போன்றதே அது. அருகிலிருக்கும் கருவி விரைவாகப் பேசி முடிக்கும். ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர் மூன்றுக்கு அப்பாலிருக்கும் கருவியோ, அலை மெலிந்துவிடுவதால், நிறுத்தி நிறுத்திப் பேசும். ஒரே செய்திக்குப் பல மடங்கு நேரம் கொள்ளும். அதுவரை யாவரும் காத்திருக்கவேண்டும். எனவே கோடியறை மாணவன் தான் துன்புறுவதோடு, தன்னை அறியாமலே அண்டை அறையாரையும் துன்புறுத்துகிறான். இணைப்பை எவ்வளவு பெரிதாக்கினும் இது தீராது.

பலர் ஓர் அலையைப் பங்கிட்டுக்கொள்ளும் இவ்வித்தையே ஒரு சர்வகலாசாலையில் பிறந்ததாகும். ஹவாய்த் தீவுகளில் பேராசிரியர் நார்மன் ஏப்ரம்சனும் அவர் கூட்டத்தாரும் 1971-ம் வருஷத்தில் அலோஹா என்னும் வலையை நடத்தினார்கள். தீவுகள் பலவாயினும் அலைவரிசை பொதுவானது. இருவர் ஏககாலத்தில் பேசிச் செய்தி மோதிக்கொண்டால், ஒவ்வொருவரும் வெவ்வேறு நேரம் பொறுத்து மீண்டும் அனுப்பவேண்டும் என்பதே அங்கே விதி. அதை ஆராய்ந்தறிந்த ராபர்ட் மெட்காஃப் 1973-ல் ஈதர்நெட் முறையை வகுத்தார். விட்டுக்கொடுத்துப் பேசுதல் என்னும் நல்லொழுக்கமே இவ்வலைகளுக்கெல்லாம் அஸ்திவாரம்.

நிற்க. நாம் செய்த திருத்தங்கள் யாவை எனில்:

முதலாவது, சுவரைத் துளைக்கும் வேலையை அலையிடம் விடாமல் கம்பியிடம் ஒப்படைத்தோம். மாடிக்கு ஒரு ஸ்விட்ச் வைத்து, அங்கிருந்து தாழ்வாரத்தின் பல இடங்களுக்குக் கேட்-6 கேபிள் இழுத்து, ஒவ்வொரு முனையிலும் ஒரு சிறு வைஃபை கருவியை அமைத்தோம். அக்கேபிள் ஒரே இழுப்பில் 100 மீட்டருக்கு மேற்படலாகாது. மின்சாரக் கம்பியோடு ஒரே குழாயில் செல்லவும் கூடாது. கருவிக்கு வேண்டிய மின்சாரமும் அக்கேபிளிலேயே செல்லுவதால், தனிப் பிளக்கு வேண்டியதில்லை. ஸ்விட்சுகளையும் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் யு.பி.எஸ்.ஸில் சேர்த்துவிட்டால் கரண்டு போனாலும் இணையம் நில்லாது.

இரண்டாவது, அடுத்தடுத்த கருவிகள் ஒன்றன் குரலை ஒன்று கெடுக்காதவாறு சானல்களைப் பிரித்தோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று கலவாதவை 1, 6, 11 என்னும் மூன்றே. 5 கிகாஹெர்ட்ஸில் சானல் அதிகம். சுவரைக் கடக்கும் வலிமை குறைவு. கருவி அருகிலேயே இருப்பதால் அக்குறைவு நமக்கு நன்மையே ஆயிற்று.

மூன்றாவது, வாசற்காவலைச் சீர்ப்படுத்தினோம். ஒருவன் பெரிய சினிமாப் படத்தை இறக்கும்போது, மற்றொருவனின் சிறு மனு அதன் பின்னே வரிசையில் நின்று தவிக்கின்றது. ரேஷன் கடையில் நூறு மூட்டை வாங்குவோன் பின்னே, ஒரு படி அரிசிக்கு வந்த கிழவி நிற்பதுபோல என்க. இவ்வரிசைத் தேக்கத்தை ஆராய்ந்து கேத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகிய இருவரும் 2012-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். அதனின்று வளர்ந்த முறைகள் இன்று சாதாரண ரவுட்டர்களிலும் கிடைக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனி வரிசை அமைத்து, முறைவைத்து விடும்படி அதை நிறுவினோம். சிறு மனுவானது காத்திராமற் செல்கின்றது.

நான்காவது, சுவரில் எழுதிய கடவுச் சொல்லை அழித்தோம். மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிச் சொல்லும் அளித்தோம். இணைப்பு சங்கத்தின் பெயரில் இருப்பதால், பிழை நேரின் முதலில் வினவப்படுவோர் நாமே. ஆதலின் யார் எப்போது இணைந்தார் என்னும் குறிப்பு மட்டும் வைக்கப்படும். என்ன படித்தார் என்பதை வார்டனோ கமிட்டியாரோ துருவிப் பார்ப்பதில்லை என்று எழுத்துமூலம் வாக்களித்திருக்கிறோம். மாதச் சந்தா சமமாகப் பங்கிடப்படும். கட்ட இயலாதவர் பங்கைக் கமிட்டி ஏற்கும். அவர் இன்னார் என்பது நோட்டீஸ் பலகையில் வாராது. மேற்பார்வை முழுதும் மாணவர் குழுவினுடையது.

இனி, பெரியோர் சிலர் சொல்லும் ஆட்சேபத்துக்கு வருகிறோம். 'இளம் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், இரவில் பூட்டிவிடுங்கள், பெண்கள் விடுதிக்கோ 9 மணிக்குமேல் வேண்டவே வேண்டாம்' என்கிறார்கள். கமிட்டியாராகிய நாமும் முதலில் அவ்வாறே விதித்தோம். ஆண்களுக்கு நள்ளிரவு வரையும், பெண்களுக்கு 9 மணி வரையும் என்றிருந்தது. பெண்கள் விடுதி மாணவியர் ஒரு மனுக் கொடுத்தார்கள். அதில் ஒரே கேள்விதான் இருந்தது: பரீட்சை எங்களுக்கு வேறா? அதற்கு எம்மிடம் மறுமொழி இல்லை.

இதே வழக்கு நம் அண்டை நாட்டில் நீதிமன்றம் வரை சென்றதுண்டு. கோழிக்கோட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் மாலையில் கைபேசி கூடாதென்ற விதிக்கு இணங்க மறுத்த மாணவி விடுதியினின்று நீக்கப்பட்டார். 2019-ம் வருஷம் செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றத்து நீதிபதி பி. வி. ஆஷா அவர்கள், இணையத்தை அணுகும் உரிமை கல்வியுரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியதென்று தீர்ப்பளித்து, அம்மாணவியை மீண்டும் சேர்க்கும்படி உத்தரவிட்டார்கள். தீர்ப்பு கேரளத்தில் எழுந்ததாயினும், அதன் நியாயத்துக்கு எல்லையில்லை. நம் இரு விடுதிகளுக்கும் இப்போது ஒரே விதிதான்.

கெட்டுப்போவோர் இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. விளக்கெரித்துச் சீட்டாடியோரும் முன்னாளில் உண்டு. அதற்காக நம் முன்னோர் விளக்கை அணைக்கவில்லை. பிள்ளைகளிடம் பேசினார்கள். பூட்டினால், கையில் காசுள்ளவன் சொந்த டேட்டாவில் விரும்பியதைக் காண்பான். காசற்றவன்தான் மொட்டை மாடியில் நிற்பான். பூட்டின் பாரம் எப்போதும் ஏழையின் மேலேயே விழும் என்பதைத் தயைகூர்ந்து எண்ணிப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே! பொதுக் கிணற்றில் நீர் இறைப்போன், தன் குடம் நிறைந்ததும் கயிற்றைப் பிறரிடம் கொடுப்பான். பரீட்சைக் காலத்திலும் மனுக்களின் கெடு நாட்களிலும் பெரிய படங்களை நிறுத்திவையுங்கள். எந்தக் கருவியும் இதை முழுதும் செய்து தராது. புதிதாக வரும் தம்பி தங்கையருக்கு இவ்வமைப்பைக் கற்பித்துவிட்டுச் செல்லுங்கள். நீங்கள் சென்றபின் இது பாழாகலாகாது.

மாடியில் நின்ற அம்மாணவன் இன்று இச்சபையிலேயே இருக்கிறார். இவ்வாண்டு அவர் தம் மனுவை அனுப்பியதோடு, கெடு நாளன்று இரவு பத்து மணி வரை முன்கூடத்தில் அமர்ந்து மற்றையோர் மனுக்களையும் சரிபார்த்து அனுப்பினார். ஒன்றும் தவறவில்லை. கமிட்டியாரின் அறிக்கையில் இவ்வாண்டு நாம் பெருமையுடன் வாசிக்கத்தக்க வரி அதுவே.